பதினேழாம் தேதிச் சங்கீதம்

என் செல்ல மருமகள் ஜெனிக்கு,

அத்தை எழுதுகிறேன். அன்றைக்குப் போனில் நீ சொன்னதற்கு அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிடக் கூடாதென்றுதான் "சரி, போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிட்டேன். "இனிமேல் ஜெபம் பண்ணப் போறதில்ல அத்தை, கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு" என்றாய். கோபத்தில் சொன்னாயா, களைத்துப்போய்ச் சொன்னாயா என்று அதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபம் என்றால் எனக்குக் கவலையில்லை. ஆண்டவரோடு சண்டை போடுகிறவள் அவரோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறாள். களைப்பு என்றால்தான் பயமாயிருக்கிறது.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனதிலிருந்து எத்தனை பேர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள்! நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் அதில் ஒருவர் உன்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் உண்டா, விசுவாசத்தில் குறைச்சலா என்று விசாரித்தாராமே. அதை மனசிலிருந்து தூக்கிப் போடு, பிள்ளே. யோபுவின் சிநேகிதர் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லப் போனார்கள், எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள் மேல்தான் மூண்டது.

விசுவாசக் குறைச்சல் என்றால், கெத்செமனேயில் என்ன நடந்தது? இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று இயேசு மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வார்? அதனால், நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறோமே என்று கூச்சப்படாதே. புதுசு புதுசாய் வார்த்தை தேட வேண்டியதில்லை.

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாளைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நீ கேட்டிருப்பாய். சின்ன வயசில் நீலக் கண் வேண்டுமென்று ஜெபித்தது, காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண் இருந்தது, அது ஏனென்று இந்தியாவுக்கு வந்தபின் விளங்கியது. எல்லா டீச்சருக்கும் பிடித்த கதை. கடைசியில் காரணம் தெரிந்துவிடுகிறதே, அதனால்தான். எனக்கு அந்த அம்மாளின் கடைசி இருபது வருஷம்தான் முக்கியம். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழியில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் கண்ணை மூடும்வரை பெரும்பாலும் படுக்கைதான். சுற்றிலும் அவர்கள் வளர்த்த பிள்ளைகள்; ஜெபத்துக்கா அங்கே பஞ்சம்? சுகம் வரவில்லை. ஏனென்று யாராலும் சொல்ல முடியவில்லை, நானும் ஒரு காரணத்தை இட்டுக்கட்டப் போவதில்லை. நோயாளிகளுக்கு ஆறுதல் என்று சுகமாயிருக்கிறவர்கள் எழுதுகிற துண்டுப் பிரசுரங்கள் மனசில் ஒட்டவில்லை என்று அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். எழுதிவிட்டு, தன்னைப் போலப் படுத்திருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அது 1933-இல் புத்தகமாகவே வந்தது. கேட்டது கிடைக்காத கட்டிலிலிருந்து இன்னொருவருக்காகக் கேட்டது எனக்குப் பெரிய காரியமாய்த் தெரிகிறது. நீயும் அப்பாவுக்காக ஜெபித்து முடித்ததும் வேறொரு பெயரைச் சேர்த்துக்கொள். பிசியோதெரபிக்கு வருகிற அந்தப் பையனின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாயே, அவர்களைச் சேர்.

வார்த்தையே வராத ராத்திரிக்கு ஒன்று சொல்கிறேன். உன் தாத்தாவின் பழைய ஜெபப் புத்தகம் அலமாரி மேல்தட்டில் இருக்கும். சங்கீதங்களையெல்லாம் மாதத்தின் முப்பது நாளுக்கும் காலை, மாலை என்று பங்கிட்டிருப்பார்கள். பதினேழாம் தேதி காலைக்கு 86, 87, 88. அந்த 88-ஐச் சத்தமாய் வாசி. மற்ற புலம்பல்களில் பெரும்பாலானவற்றில் அழுதுகொண்டே போகிறவர் முடிவில் எப்படியாவது துதிக்கு வந்துவிடுவார். இவர் வருவதில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேனே, ஏன் தள்ளுகிறீர் என்று கேட்டு இருட்டிலேயே முடித்துவிடுகிறார். இப்படி ஒன்றை வேதத்தில் சேர்த்தது மட்டுமில்லை, கல்யாண வீட்டுக்காரரும் துக்க வீட்டுக்காரரும் மாதாமாதம் வாசிக்கும்படி சபை தேதி குறித்து வைத்திருக்கிறது. உன் முறையீடு கோயிலுக்கு வெளியே நின்று கத்துகிற சத்தமில்லை, பிள்ளே. அது ஆராதனைக்குள்ளேயே இருக்கிறது.

நேரத்தை மட்டும் மாற்றாதே. அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை கொடுத்தவுடன், கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார். போனை அடுக்களையில் வைத்துவிட்டு வா. மனசு வரட்டும் என்று காத்திராதே; மனசு வராத நாளுக்காகத்தான் நேரம் குறிக்கச் சொல்கிறேன். நீளமாகவும் வேண்டாம். தாத்தா குடும்ப ஜெபம் பண்ணினால் குழம்பு ஆறிப்போகும், நீ பாதியிலேயே "ஆமென்" என்று உரக்கச் சொல்லி அவரை நிறுத்தப் பார்ப்பாய். உன் அளவு எனக்குத் தெரியும். நாலு வரி போதும். ஆனால் வாய்விட்டுச் சொல், அப்பா காதில் விழட்டும். ஒரு பாட்டும் பாடு.

பாட்டை ஏன் சொல்கிறேன் தெரியுமா? போன தடவை வந்திருந்தபோது கவனித்தேன். தண்ணீர் என்று கேட்க வார்த்தை வராமல் இடது கையால் டம்ளரைக் காட்டுகிறவன், நீங்கள் கீர்த்தனை எடுத்ததும் ராகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே முனகினான். சரணத்தில் இரண்டு வார்த்தை தெளிவாகவே வந்தது. உன் அம்மா பாட்டை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரிடம் கேட்டேன். பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும், மூளையில் இரண்டுக்கும் வழி ஒன்றே இல்லை என்றார். இதுதான் ஜெபத்துக்கு வந்த பதில் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். நாம் கேட்டது அவன் பேச்சை. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். ஆனால் நீ ஜெபத்தை விட்டால் ராத்திரிப் பாட்டும் நின்றுபோகும். நாள் முழுக்க அவன் குரல் வெளியே வருகிற ஒரே வேளை அது.

பயிற்சியையும் விடாதே. எண்ணெய் பூசி ஜெபித்தாயிற்று, இனி பிசியோதெரபி எதற்கு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவேன். பெரிய எழுத்துக் கீர்த்தனைப் புத்தகம் ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன், வாங்கி வருகிறேன். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பாடமான பாட்டு எதெது என்று உன் அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வை. விடுபட்டதை நான் வந்து சொல்கிறேன். அவளைவிட எனக்கு அவனை அதிக நாள் பழக்கம்.

உன் அன்பு அத்தை