ஊரடங்கில் கற்ற கடைப் பாடம்



சில நாட்களுக்கு முன் சங்கக் கட்டிடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாக மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் என்னிடம், "கொரோனா ஊரடங்கில் எல்லாத் தொழிலும் படுத்தபோது மளிகைக்காரர்களுக்கு மட்டும் நல்ல வியாபாரம் என்கிறார்களே, உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் 2020ஆம் ஆண்டுப் பேரேட்டை எடுத்துப் புரட்டினேன். கிடைத்த லாபம் பல பக்கங்களில் இருக்கிறது. இழந்தது ஒரு பக்கத்தின் அடியில், "கணக்குத் தீர்ந்தது" என்ற இரண்டே சொற்களில் இருக்கிறது. அந்த இளைஞருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, ஒருநாள் மக்கள் ஊரடங்கு. கடையடைப்பு நமக்குப் புதிதல்ல என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலை 5 மணிக்கு வாசலில் நின்று கைதட்டினோம். 24ஆம் தேதி மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார். மறுநாள் அதிகாலையில் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் எங்கள் மதுரையிலேயே நிகழ்ந்தது.

மளிகை, காய்கறி, பால், மருந்துக் கடைகளுக்கு விலக்கு உண்டு என்பது அறிவிப்பிலேயே இருந்தது. ஆனால் மக்கள் காதில் விழுந்தது "21 நாள்" என்பது மட்டும்தான். கூட்டம் திரண்டுவிட்டது.

அரிசியும் பருப்பும் நாட்டில் இல்லாமல் போய்விடவில்லை. துவரை விளையும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் சரக்கு இருந்தது. வரும் வழியில்தான் சிக்கல். மில்லில் வேலையாள் இல்லை. லாரி ஓட்டுநருக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை. வந்த லோடை இறக்க ஆள் இல்லை. சுமை தூக்கும் தொழிலாளர் பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்; பஸ் நின்றது, அவர்களும் நின்றார்கள். இது சில நாள் தாமதம்தான், பஞ்சம் அல்ல. ஆனாலும் கடைகளில் மூட்டை காலியானது. ஏன்?

ஒரு சிறு கணக்கு

ஒரு மளிகைக் கடைக்கு 200 குடும்பங்கள் வாடிக்கை என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 2 கிலோ துவரம் பருப்பு. ஆக மாதம் 400 கிலோ விற்கும். நாம் யாரும் 400 கிலோவை ஒரே நேரத்தில் வாங்கி வைப்பதில்லை. வாரச் சரக்காக 100 கிலோ வைத்திருப்போம்.

இப்போது ஒரே காலையில் 50 குடும்பங்கள் வந்து, தங்கள் மாதத் தேவையான 2 கிலோவை மட்டும் வாங்குகின்றன. 100 கிலோவும் தீர்ந்தது. இதில் பதுக்கியவர் எவருமில்லை; பேராசைப்பட்டவரும் இல்லை. ஆனால் 51ஆவதாக வந்தவர் காலி மூட்டையைப் பார்க்கிறார். அவர் அடுத்த கடைக்கு ஓடி, 2 கிலோ வாங்க வேண்டிய இடத்தில் 5 கிலோ வாங்குகிறார். தெரு முழுக்கச் செய்தி பரவுகிறது. மறுநாள் உண்மையிலேயே தட்டுப்பாடு!

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட கடைக்காரர்கள் முதல் நாளே, "வீட்டுக்கு 1 கிலோ, அடுத்த வாரம் மீண்டும் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைகளில் மூட்டை காலியாகவில்லை. மூட்டை கண்ணுக்குத் தெரிந்ததால் மக்களும் பதறவில்லை.

இதே தவறு மீண்டும் பெரிய அளவில் நடந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25ஆம் தேதி சனிக்கிழமை, ஒரு மாதமாக வட்டம் போட்டு இடைவெளி விட்டு நின்ற அதே மக்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று கோயம்பேட்டிலும் அப்படித்தான். பின்னர் கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்கு நோய் பரவியது. அந்த ஆண்டு வணிகர் தினமான மே 5 அன்றே கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. மீண்டும் கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் தொடங்கியது செப்டம்பர் 28ஆம் தேதி. கூட்டம் சேர்வதால் முதலில் அடி வாங்குவது கடைக்காரன்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மக்கள் மனம் மாறிய விதம்

கல்லாவில் இருந்தபடி நான் பார்த்த அளவில், மக்கள் மனநிலை மூன்று கட்டமாக மாறியது.

முதலில் பயம். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். மஞ்சள் நீர் தெளித்தார்கள். வாங்கிய பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் வைத்தார்கள். ரூபாய் நோட்டைத் தொடத் தயங்கினார்கள். மிளகு, சுக்கு, மஞ்சள், கபசுரக் குடிநீர்ப் பொடி எவ்வளவு வந்தாலும் போதவில்லை. முகக்கவசமும் கிருமிநாசினியும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டு, 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய்க்கு மேல் கூடாது என்று மத்திய அரசு விலை கட்டியதும் அப்போதுதான்.

அடுத்தது பழக்கம். மார்ச் 29 முதல் பிற்பகல் 2.30 வரை, ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணி வரை என்று நேரம் சுருங்கியது. மக்கள் அதற்கேற்ப விடியலிலேயே வந்தார்கள். பட்டியல் எழுதிக் கொண்டுவந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்ததால் மைதா, ரவை, சேமியா கூடுதலாகப் போனது. தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையை விலையில்லாமலும் கொடுத்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி புளி, மிளகாய், சோப்பு என்று நம் கடைகளுக்குத்தான் வந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பெண்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முன்தினம் மஞ்சள் கயிறு கேட்டு வந்தவர்களை மறக்க முடியாது. பருப்பு இல்லை என்றால் கோபப்பட்ட மக்கள், மஞ்சள் கயிறு இல்லை என்றபோது கண் கலங்கினார்கள்.

மூன்றாவது சலிப்பு. கையில் காசு தீர்ந்தது. கூலி வேலை செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், சமையல் வேலை செய்பவர்கள் வாய் திறந்து கடன் கேட்கக் கூச்சப்பட்டு, கூட்டம் குறையும் வரை ஒதுங்கி நின்றார்கள். முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. அதே வேளையில் நோய் வந்த வீட்டைக் கண்டு ஒதுங்குவதும் கூடியது. வாசலில் தகரம் அடிக்கப்பட்ட வீட்டுக்குச் சரக்கு கொடுக்க மறுத்த கடைகளும் உண்டு. பையைப் படியில் வைத்து, தள்ளி நின்று குரல் கொடுத்துவிட்டு வந்த கடைகளும் உண்டு. அந்த இரண்டாம் வகைக் கடைகளை அந்தத் தெருக்கள் இன்னும் மறக்கவில்லை.

நான் செய்த தவறு

இனி என் பேரேட்டுப் பக்கத்துக்கு வருகிறேன்.

2020 மார்ச் 27 காலை. செல்லூர்ப் பக்கம் சிறு மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் என் கடைக்கு வந்தார். 22 வருட வாடிக்கை. "அண்ணாச்சி, ரெண்டு மூட்டை துவரம் பருப்பு வேணும். ஜனங்க நிக்கிறாங்க" என்றார். என் கிட்டங்கியில் அன்று 46 மூட்டை இருந்தது. நான்கு நாள் பொறுத்தால் கிலோவுக்கு 10 ரூபாய் கூடும் என்று எனக்குத் தெரியும். "சரக்கு இல்லை தம்பி. லோடு வந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் நின்றார்; பிறகு போய்விட்டார்.

நான் எதிர்பார்த்தபடியே விலை கூடியது. விற்றேன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் அவர் மீண்டும் வந்தார். பழைய பாக்கி 18,400 ரூபாயை ஒரு பைசா குறைக்காமல் எண்ணி வைத்தார். "கணக்கைத் தீர்த்துருங்க அண்ணாச்சி" என்றார். ஏன் தம்பி என்று கேட்டேன். "வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அன்னைக்குக் கிட்டங்கிக் கதவு பாதி திறந்திருந்துச்சு" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை.

இதையும் கணக்காகவே பார்ப்போம். அவருக்கு மறுத்த 2 மூட்டை என்பது 100 கிலோ. எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது 1,000 ரூபாய். அவர் மாதம் சுமார் 60,000 ரூபாய்க்குச் சரக்கு எடுப்பவர். மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு 2 ரூபாய் நின்றாலும் மாதம் 1,200. வருடத்துக்கு 14,400 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கூட்டிப் பாருங்கள். அதைவிட, அன்று பருப்பு இல்லாததால் அவர் கடைக்கு வெளியே நின்றவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அவருடைய வாடிக்கையையும் நான்தான் கெடுத்தேன். இதற்குக் கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை.

காவலும் கடை நேரமும்

அந்த நாட்களின் இன்னொரு துயரத்தையும் வணிகர்கள் மறக்கக் கூடாது. சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும், நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, நீதிமன்றக் காவலில் இருந்தபோதே அடுத்த சில நாட்களில் உயிரிழந்தனர். வணிகர்கள் கடையடைத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னர் சிபிஐ விசாரித்துக் காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நேரத்தை மதிப்பது நம் கடமை. அதே சமயம், ஒரு கடைக்காரருக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் அவர் தனியாகப் போகக் கூடாது. சங்கம் உடன் போக வேண்டும்.

இரண்டாவது முறை

2021 மே 10 அன்று மீண்டும் முழு ஊரடங்கு. மளிகைக்கு முதலில் பகல் 12 மணி வரை, 15ஆம் தேதி முதல் காலை 10 மணி வரை. மே 24 முதல் கடையே திறக்கக் கூடாது என்றானது. மே 31 முதல் தொலைபேசியில் கேட்பவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும், வண்டியில் வைத்துத் தெருவில் விற்கவும் மளிகைக் கடைகளுக்கு அனுமதி வந்தது. யார் பிழைத்தார்கள்? வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தவர்கள். கடை பெரிதா சிறிதா என்பது அங்கே கணக்கில் வரவில்லை.

அந்த முறை நான் சரக்கை மறைக்கவில்லை. இருந்த பருப்பை, கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் முந்திய மாதம் எடுத்த அளவைப் பார்த்துப் பங்கிட்டேன். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை; யாரும் கணக்கையும் தீர்க்கவில்லை.

கைக்கொள்ள வேண்டியவை

1. நெருக்கடி என்று தெரிந்த முதல் மணி நேரத்திலேயே வீட்டுக்கு இவ்வளவு என்று அளவு கட்டுங்கள். மறுநாள் கட்டினால் பயனில்லை.

2. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, புளி, மிளகாய், சர்க்கரை ஆகியவற்றில் பத்து நாள் சரக்கு எப்போதும் இருக்கட்டும். அதற்கு மேல் அடைப்பது முதலை முடக்கும்.

3. விலைப்பலகை வாசலில் தெரியட்டும். கொள்முதல் விலை கூடினால் காரணத்தோடு சொல்லிக் கூட்டுங்கள். சொல்லிக் கூட்டும் விலையை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

4. வாடிக்கையாளர் பெயர், தெரு, தொலைபேசி எண் ஆகியவற்றை இன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரடங்கு வரவில்லையென்றாலும், பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று பெரிய கம்பெனிகள் வரும்போது அந்த நோட்டு உதவும்.

5. கடனுக்கு அளவும் தவணையும் வையுங்கள். ஆனால் கதவை மூடாதீர்கள். நீங்கள் வங்கியில் வாங்கிய கடனுக்கும் இதே கவனம் வேண்டும். 2020இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. தள்ளுபடி என்று நினைத்தவர்கள், அந்த மாதங்களுக்கான வட்டி கூடியதைப் பின்னால்தான் பார்த்தார்கள்.

6. மொத்த வியாபாரிகளே, சரக்கு குறைவாக இருந்தால் குறைவு என்று சொல்லுங்கள். இருப்பதை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தச் செல்லூர்க் கடைக்காரர் இன்றும் கடை நடத்துகிறார். சரக்கு வேறிடத்தில் எடுக்கிறார். விசேஷ வீடுகளில் பார்த்தால், "சௌக்கியமா அண்ணாச்சி" என்று மரியாதையாகக் கேட்பார். பேரேட்டில் அவர் பக்கத்துக்கு அடுத்த தாளை நான் இன்னும் வெற்றாகவே விட்டிருக்கிறேன்.