சிறார்க்குப் பணம் கற்பித்தல்

பணத்தை எண்கணித நூலின் ஒரு பயிற்சியாக முடித்துவிடுவது ஆசிரியராகிய எமக்கு வழக்கமாகிவிட்டது. 100 ரூபாவில் 65 ரூபாவைக் கழிக்குமாறு கூறின், மூன்றாம் வகுப்புப் பிள்ளை பிழையின்றிக் கழிக்கும். அப்பிள்ளையையே கடைக்கு அனுப்பினாலோ, மிகுதிக் காசை எண்ணிப்பாராது கையிற் பொத்திக்கொண்டு ஓடிவரும்.

இளம்பிள்ளை எண்ணிக்கையையே பெறுமதியாகக் கொள்ளும். ஒரு 10 ரூபாக் குற்றியையும் மூன்று 2 ரூபாக் குற்றிகளையும் முன்வைத்து, "எது கூட?" என்று வினவினால், மூன்றையே சுட்டுவோர் பலர். இது மந்தபுத்தியன்று. காய்களை விரித்துப் பரப்பியதும் அவை கூடிவிட்டதாகச் சிறுபிள்ளை கருதும் என்பதனைச் சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896–1980) விளக்கியுள்ளார். ஆதலின் முதற்பாடம் கூட்டலுமன்று, கழித்தலுமன்று, மாற்றுதல். ஐந்து 2 ரூபாக்களைக் கொடுத்து ஒரு 10 ரூபாவை வாங்கும் விளையாட்டைப் பலமுறை ஆடவேண்டும்.

அடுத்து, மிகுதி கொடுத்தல். எமது ஊர்க் கடைக்காரர் எவரும் கடன்வாங்கிக் கழிப்பதில்லை. 65 ரூபாச் சாமானுக்கு 100 ரூபாத் தாளைப் பெற்றவர், "ஐந்து, எழுபது, பத்து, எண்பது, இருபது, நூறு" என்று ஏற்றிக்கொண்டே கையில் வைப்பார். வகுப்பறைக் கடையிலும் அம்முறையே தக்கது. கரும்பலகையிற் சோரும் பிள்ளைகள் இதில் முந்துவதைக் கண்டிருக்கின்றோம்.

ஆயின் பிள்ளைக்குத் தன்காசு என்று ஒன்று எப்போது கிடைக்கின்றது? சித்திரைப் புத்தாண்டில், கைவிசேடமாக. அன்று மாலையே, "தா, நான் வைத்திருக்கிறன்" என்று தாயார் வாங்கிவிடுவார். பிறகு அக்காசை எவரும் கண்டதில்லை! (தாய்மார் எம்மைப் பொறுத்தருள்க.) ஒரு பங்கையேனும் பிள்ளை விரும்பியவாறு செலவிட விடல்வேண்டும். வாங்கிய பலூன் வீட்டுவாயிலில் வெடித்தால், இன்னொன்று வாங்கிக் கொடுத்தலாகாது. ஒன்றை வாங்கினால் மற்றொன்றை இழக்கநேரும் என்பதனைப் பயிற்சிப் புத்தகம் கற்பியாது.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832 இலும் தபாலகச் சேமிப்பு வங்கி 1885 இலும் தோன்றின. தேசிய சேமிப்பு வங்கி 1971 இல் அமைந்தது. பாட்டனார் காலந்தொட்டுச் "சேமி" என்றே கேட்டுவந்தோம். எனினும், 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, ஓராண்டுக்குமுன் 100 ரூபாவுக்கு வாங்கியவற்றுக்கு ஏறத்தாழ 170 ரூபா வேண்டியிருந்தது. உண்டியற் காசு எண்ணிக்கையிற் குறையாமலே பெறுமதியிற் குறையும் என்பதனைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். சென்ற ஆண்டு வாங்கிய கொப்பியின் விலையை இவ்வாண்டு விலையோடு ஒப்பிட்டால் அதுவே விளங்கிக்கொள்ளும்.

இனி, கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் மருமக்களுக்குப் பணம் சுவரிலுள்ள இயந்திரத்திலிருந்தே வருகின்றது. அதற்குப் பின்னாலுள்ள பனியையும் இரவுவேலையையும் அவர்கள் கண்டதில்லை. அடுத்த சித்திரையிற் கைவிசேடம் அனுப்பும்போது, அத்தொகை உங்கள் உழைப்பில் எத்தனை மணித்தியாலம் என்பதனையும் தொலைபேசியில் அப்பிள்ளையிடமே கூறுங்கள்.