கண்ணருகே சிவப்புக் கட்டியா? காத்திருக்காதீர்கள்!

பிறந்தபோது குழந்தையின் இமையில் ஒன்றும் இருக்காது. சில வாரங்களில் கொசு கடித்தாற்போல ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். இரண்டு மாதத்தில் அதுவே சுண்டைக்காய் அளவுக்கு உப்பிவிடும். உடனே வீட்டில், "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" என்று ஒரு விசாரணை. "அது மச்சம்தான், தானா மறைஞ்சுடும்" என்று பக்கத்து வீட்டு ஆறுதல்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது 'ஹீமாஞ்சியோமா' எனும் ரத்தக்குழாய்க் கட்டி. புற்றுநோய் அல்ல. 100 குழந்தைகளில் 4, 5 பேருக்கு உடம்பில் எங்காவது வரலாம். பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் சற்று அதிகம்.

தானாக மறையும் என்பது உண்மைதான். முதுகிலோ காலிலோ சின்னதாக இருந்தால் பெரும்பாலும் கவனித்து வந்தாலே போதும். கண்ணருகே என்றால் கணக்கே வேறு!

ஏன் அவசரம்?

குறுவை நாலு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும் என்பது தஞ்சைக்காரர்களுக்குத் தெரியும். இந்தக் கட்டியும் அப்படித்தான். முதல் 5 மாதங்களுக்குள் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும். சுருங்குவதற்கோ வருடக்கணக்கில் ஆகும்.

குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதும் இதே சமயத்தில்தான். கட்டி இமையை மூடினாலோ, கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றினாலோ அந்தக் கண்ணிலிருந்து தெளிவான உருவம் மூளைக்குப் போகாது. மூளை அந்தக் கண்ணையே ஒதுக்கிவிடும். இதுதான் 'சோம்பேறிக் கண்'. பிறகு கட்டி மறைந்தாலும் பார்வை தானாகத் திரும்பாது.

என்ன சிகிச்சை?

முன்பெல்லாம் ஸ்டீராய்டுதான் முக்கிய மருந்து. பிரான்சின் போர்டோ நகரில், இதயக் கோளாறுக்காக 'ப்ராப்ரனலால்' கொடுத்த குழந்தைக்கு இந்தக் கட்டியும் சுருங்குவதை டாக்டர்கள் கவனித்து, 2008-ல் வெளியிட்டார்கள். இன்று அதுவே முதல் மருந்து. பொதுவாக 6 மாதமாவது கொடுக்க வேண்டியிருக்கும். மேலோட்டமான சின்னக் கட்டிக்கு 'டிமோலால்' சொட்டு மருந்தைத் தடவச் சொல்வதும் உண்டு. பார்வை குறைந்திருந்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிவைக்கச் சொல்வார்கள்.

தாய்மார்கள் கவனிக்க

* வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்து, எடைக்குத் தக்கபடி டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும்.

* பால் கொடுத்த பிறகே மருந்து. பால் குடிக்காத நாளிலும், வாந்தி, மூச்சிரைப்பு இருக்கும்போதும் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

* வசம்பு, பச்சிலை எதையும் கட்டியின்மேல் பூசாதீர்கள்.

* பிறந்த அன்றே இமையில் தட்டையாகப் பரவிய அடர்சிவப்புப் படை இருந்தால் அது வேறு வகை, மறையாது. கண் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதே அந்தப் புள்ளியைக் காட்டிவிடுங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் இருவரையும் பார்க்கலாம். "அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். கட்டி காத்திருந்து மறையலாம், பார்வை காத்திருக்காது.