பீச்சுல தங்கம் கிடைச்சா அது உங்களுக்கா?

"கோட்டக்குப்பம் பீச்சுல தங்கம் தேட மெட்டல் டிடெக்டர் ஒண்ணு இஎம்ஐ-ல வாங்கலாமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார்.

முதல்ல, தங்கக்கட்டி கிடைக்க கோலார் மாதிரி மண்ணு வேணும். நம்ம கரையில கிடைச்சா அது யாரோ தொலைச்சது, இல்லைன்னா புதைச்சது. 2020 நவம்பர்ல நிவர் புயலுக்குப் பிறகு ஆந்திரா உப்பாடா கடற்கரையில ஜனங்க தங்கத் துணுக்கு பொறுக்கினாங்க. கடல் வீடுகளை விழுங்கின கரை அது. நம்ம கரையிலயும் கடலரிப்பு இருக்கு, அதனால ஆசை வர்றது புரியுது. ஆனா உப்புத்தண்ணியில ஊறின மணல்ல சாதாரண டிடெக்டர் சும்மாவே கத்தும். அலுமினிய ஃபாயிலுக்கும் மெல்லிசு மோதிரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான்.

சரி, நிஜமாவே புதையல் கிடைச்சிருச்சு. 1878-ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே (ஒரு டீ காசு!) கலெக்டருக்கு எழுத்துல தெரியப்படுத்தணும். அவர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோர்றவங்களை விசாரிப்பார். அதுக்கே 4 மாசத்துக்கு மேல ஆகும். சொந்தக்காரர் இல்லைன்னு முடிவாகி, நிலத்துக்காரரோட வேற ஒப்பந்தமும் இல்லைன்னா, முக்கால் பங்கு உங்களுக்கு, கால் பங்கு அவருக்கு. அரசே எடுத்துக்கிட்டா உலோக மதிப்போட ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். மறைச்சா உங்க பங்கு அரசுக்குப் போயிடும், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு.

பக்கத்துல இருக்கிற அரிக்கமேடு தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, அங்க தோண்டவே கூடாது.

பொழுதுபோக்குக்குன்னா கையிருப்புல வாங்குங்க, இஎம்ஐ வேண்டாம். ஏதாவது கிடைச்சா என்ன பொருள், தோராய மதிப்பு, இடம், தேதி எல்லாம் அன்னைக்கே குறிச்சு வைங்க. கலெக்டருக்கான கடிதத்துல அதெல்லாம் இருக்கணும்.