நல்ல தண்ணியும் துருவும்: தூண்டில் பை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

சேலம், நாமக்கல் பக்கம் தூண்டில் போடுபவரின் பையைக் கவிழ்த்தால் எஃகு முட்கள், பித்தளை ஸ்பூன்கள், ஈயக் குண்டுகள், நைலான் நரம்பு, ரப்பர் தவளைகள், சாயம் பூசிய பிளாஸ்டிக் மீன்கள் எல்லாம் ஒன்றாக விழும். எதை எங்கே வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்பே ஒரு தவறான நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. மேட்டூர் அணைக்கரையிலிருந்து மோகனூர்ப் படித்துறை வரை அதை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "இது நல்ல தண்ணி. கடல் தண்ணியிலதான் துரு பிடிக்கும்." இந்தத் தைரியத்தில், மீன்பிடித்து முடிந்ததும் லூர்கள் எனப்படும் செயற்கை இரைகள் ஈரம் சொட்டச் சொட்ட டப்பாவுக்குள் போகின்றன. மூடி அழுந்தப் பூட்டப்படுகிறது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் முட்கள் காவி நிறத்தில் இருக்கின்றன. பழி முள் செய்த கம்பெனியின் மேல் விழுகிறது.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மைகூட இல்லை. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு அந்த வேலையை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் அதில் மின்னோட்டம் எளிதாகப் பாய்கிறது, உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலமும் சீக்கிரம் உடைகிறது. உப்பு குறைந்தால் நாள் கூடும். துரு வராமல் போகாது. நாமக்கல் லாரி பாடிப் பட்டறைகளில் இரும்புச் சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு அடிக்காமல் எந்த வண்டியும் வெளியே போவதில்லை. அந்த லாரிகளில் பல கடற்கரையையே பார்க்காதவை. கிணற்று மோட்டாரின் இரும்புக் குழாயும் கலப்பைக் கொழுவும் வயல்காட்டிலேயே துருவேறுகின்றன. இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர்களே தூண்டில் முள்ளுக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு என்று நினைப்பதுதான் வேதனை.

உலோக அரிப்பைப் பற்றிய ஆய்வு இந்த விஷயத்தை எப்போதோ தீர்த்துவிட்டது. 1930களில் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னான் நடத்திய சோதனைகளில், காற்றில் சிறிது மாசும் இருக்கும்போது, ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதும் இரும்பின் அரிப்பு சட்டென்று வேகம் பிடித்தது. அதாவது முள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்க வேண்டியதே இல்லை; சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தாலே போதும். இப்படிப் பார்த்தால் தூண்டில்காரரின் எதிரி ஏரியிலும் இல்லை, ஆற்றிலும் இல்லை. காற்றுப் புகாத மூடி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய டப்பாவுக்குள்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 27 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரமுள்ள டப்பா கிட்டத்தட்ட 2.2 லிட்டர் காற்றைப் பிடிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகத் தாங்கும் நீராவி சுமார் 30 கிராம். எனவே இந்த டப்பாவுக்குள் இருக்கும் காற்று முழுவதும் நிறைவடைய 0.07 கிராம் நீர் போதும். ஒரு துளி நீரின் எடை ஏறக்குறைய 0.05 கிராம். வெளிக்காற்றில் ஏற்கெனவே பாதி ஈரம் இருக்கும் நாளில் ஒரே ஒரு துளி உள்ளே போனாலும் டப்பாவின் ஈரப்பதம் நூறு விழுக்காட்டைத் தொட்டுவிடும். மூடிய டப்பாவில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று வாதாடுபவர்களும் உண்டு. 2.2 லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 1.4 கிராம் இரும்பைத் துருவாக்கப் போதுமானது. முள்முனை மழுங்குவதற்கு அதில் சிறு துளியே மிகை.

பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறி வரும் மாசி, பங்குனி மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று 20 டிகிரிக்கு இறங்கும்போது, கன மீட்டருக்கு 30 கிராமாக இருந்த நீராவியில் சுமார் 17 கிராமை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். மீதி துளித்துளியாக முள்ளின் மேலும் மூடியின் அடியிலும் படியும். காலையில் டப்பாவைத் திறந்தால் மூடியின் உட்புறம் வியர்த்திருப்பது இதனால்தான். மறுநாள் பைக்கின் பெட்டியில் வெயிலில் கிடக்கும்போது அதே நீர் மறுபடி ஆவியாகிறது. இட்லிக் குண்டானுக்குள் முட்களை அடுக்கி வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தப் பகுதியில் டப்பாவுக்குள் நீரைக் கொண்டுபோவதில் முதலிடம் ரப்பர் தவளைக்கு. ஆகாயத்தாமரையும் அல்லியும் மூடிய ஏரிகளில் விரால் பிடிக்க அதுவே நம்பகமான லூர். அதன் வயிறு உள்ளீடற்றது, முள் வெளியே வரும் துளைகள் வழியாக நீர் உள்ளே புகும். வெளிப்புறத்தைத் துண்டால் துடைத்துவிட்டுத் தவளை காய்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதன் வயிற்றை ஒருமுறை அமுக்கிப் பார்க்கட்டும். நாலைந்து துளி வெளியே வரும். மேலே போட்ட கணக்கின்படி அந்த ஒரு தவளையே நான்கு டப்பாக்களைக் கெடுக்கப் போதும்.

போகட்டும், அந்த "நல்ல தண்ணி" எவ்வளவு நல்லது என்பதையும் கேட்க வேண்டும். மேட்டூருக்குக் கீழே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் சாயப்பட்டறைக் கழிவு காவிரியில் கலப்பது நெடுங்காலப் புகார். பருத்திக்குச் சாயமேற்றும்போது உப்பு ஏராளமாகச் செலவாகிறது. அது துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. சேலம் நகரின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து வரும் திருமணிமுத்தாறு பரமத்திவேலூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. இங்கே தூண்டில் போட்டுவிட்டு, "உப்பே இல்லாத தண்ணி" என்று முள்ளைக் காயவைக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வீட்டுக்கு வந்து போர்வெல் தண்ணீரில் அலசுவதும் அரைகுறை வேலைதான். இந்தச் சமவெளியில் பல போர்வெல்களின் நீர் குழாய் வாயில் வெள்ளைப் படிவத்தை விட்டுப்போகும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்பை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. இந்த மேல் எல்லையை ஒட்டிய நீரில் அலசி அப்படியே காயவிட்டால் நீர் போய் உப்பு தங்கிவிடும். அந்த உப்பு அடுத்த ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். குடிதண்ணீரில் அலசுவது மேல். எந்தத் தண்ணீரில் அலசினாலும் துணியால் ஒற்றித் துடைப்பதுதான் முக்கியம்.

முலாம் பூசிய முள் துருப்பிடிக்காது என்பதும் இதே குடும்பத்து நம்பிக்கை. பளபளப்பதையெல்லாம் எவர்சில்வர் என்று நம்பும் பழக்கத்திலிருந்து வந்தது இது. 1981இல் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலையால் எவர்சில்வருக்குப் பேர்போன ஊரிலேயே இந்தக் குழப்பம் நிலவுவது வருத்தத்துக்குரியது. குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகே எவர்சில்வர். அதன் மேல் உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் கீறப்பட்டாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். தூண்டில் முட்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. கூர்மையும் விறைப்பும் வேண்டி, கார்பன் மிகுந்த எஃகில் செய்து, மேலே நிக்கலோ வெள்ளீயமோ பூசியவை. இந்த இரண்டு உலோகங்களும் ஈரத்தில் இரும்பைவிட மந்தமானவை. பூச்சு முழுதாக இருக்கும்வரை காக்கும். ஒரு கீறல் விழுந்தால், அந்த இடத்தில் இரும்பே முதலில் கரையும், அதுவும் பூச்சே இல்லாத முள்ளைவிட வேகமாக. முள்ளை அரத்தால் தீட்டுபவர் முனையில் உள்ள பூச்சை எடுத்துவிடுகிறார். பித்தளை ஸ்பூனும் எஃகு முள்ளும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தாலும் இதே கதைதான்: கெடுவது எஃகு.

இதிலிருந்து பையை அடுக்கும் முறை தானாகவே வந்துவிடுகிறது. நிறம் பார்த்தோ அளவு பார்த்தோ பிரிப்பது இரண்டாம்பட்சம். ஈரமா, காய்ந்ததா என்பதே முதல் பிரிவு. அன்றைக்குத் தண்ணீரில் இறங்கிய எதுவும் பெரிய டப்பாவுக்குத் திரும்பக் கூடாது. பையின் வெளிப்புறத்தில் வலைத்துணிப் பை ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் வெங்காயம் வரும் வலைப்பையை வெட்டிக் கட்டிக்கொள்ளலாம். அவிழ்த்த லூர்கள், வயிற்றை அமுக்கி நீரை எடுத்த தவளை உட்பட, வீடு சேரும்வரை அதில் இருக்கட்டும். வீட்டில் அலசி, துடைத்து, நிழலில் ஓர் இரவு விட்ட பிறகு டப்பாவுக்குப் போகலாம். காயாத லூர் ஒன்று இருந்தால்கூட டப்பாவின் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். துருவேறிய முள்ளைக் கண்டதும் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் துரு ஈரத்தைப் பிடித்து வைத்து அருகிலுள்ள முள்ளுக்கும் கறை ஏற்றும். கத்தரி, கொறடு, மீன் வாயிலிருந்து முள் எடுக்கும் கம்பி ஆகியவை பையின் முன்புறம், கண்ணை மூடிக்கொண்டு கை போகும் இடத்தில் இருப்பது நல்லது. மண்புழு, கோழிக்குடல், புண்ணாக்கு உருண்டை எதுவும் பைக்குள்ளேயே வரக்கூடாது. நாமக்கல்லில் கோழிக்குடல் எளிதாகக் கிடைக்கிறது, கெளுத்திக்கு நல்ல இரையும்கூட. ஆனால் அதன் கசிவில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கின்றன. அதற்குத் தனியாக மூடியுள்ள வாளி வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. டப்பாவில் ஒரு பிடி அரிசி போட்டால் ஈரம் போய்விடும் என்கிறார்கள். கடை அரிசியிலேயே 12 முதல் 14 விழுக்காடு ஈரம் உண்டு, அது வண்டைத்தான் வரவழைக்கும். சிலிகா ஜெல் வேலை செய்யும், ஆனால் நிறைந்துபோன ஜெல்லுக்கும் மணலுக்கும் வேறுபாடு இல்லை. நிறம் மாறும் மணிகளாக வாங்கி, மாறியதும் 120 டிகிரி அளவில் சூடேற்றி மீட்டெடுக்க வேண்டும். ஈர லூர்களோடு ஜெல்லைப் போடுவது வீண் செலவு. தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கமும் உண்டு. அது நாளானால் சிக்குப்பிடிக்கும், தூசியை ஒட்டவைக்கும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் ஒற்றி முள்ளின் மேல் மட்டும் மெல்லியதாகத் தடவினால் போதும்.

எல்லாம் பிளாஸ்டிக்தானே என்று ரப்பர் புழுவையும் சாயம் பூசிய மீனையும் ஒரே அறையில் போடுவது அடுத்தது. ரப்பர் என்று அழைக்கப்படும் இந்தப் புழுக்கள் பெரும்பாலும் இளக்கி எண்ணெய் கலந்த பி.வி.சி. அந்த எண்ணெய் கசிந்து மற்ற லூரின் வண்ணத்தைப் பிசுபிசுப்பாக்கும், பாலிஸ்டைரின் டப்பாவையே கரைத்து ஒட்டிக்கொள்ளும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் அது பாலிபுரோப்பிலின், பயமில்லை. 6 என்றிருந்தால் ரப்பர் புழுவுக்கு ஆகாது. வாங்கிய உறையிலேயே விட்டுவைப்பது எல்லாவற்றிலும் எளிது. பெரிய பை இருந்தால் நிறைய மீன் விழும் என்ற நினைப்புக்குப் பதிலே தேவையில்லை.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் தூண்டில் பையைப் பற்றிய பேச்சு முழுமையாகாது. துருப்பிடிக்காத ஒரே காரணத்தால் ஈயக் குண்டுகள் பையின் எந்த மூலையிலும், தயிர்ச்சோற்று டப்பாவுக்குப் பக்கத்திலும் உருண்டு கிடக்கின்றன. சிறு குண்டுகளை நரம்பில் பொருத்தப் பல்லால் கடிப்பது பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது. இதைக் கண்ட இடத்திலேயே தடுக்க வேண்டும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. பிரிட்டனில் அன்னப் பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி மாண்டதைத் தொடர்ந்து, 1987 முதல் 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயத் தூண்டில் எடைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. இங்குள்ள ஏரிகளிலும் நாரைகளும் வாத்துகளும் சேற்றைக் கிளறித்தான் இரை தேடுகின்றன. நரம்பு அறுந்து விழும் ஒவ்வொரு குண்டும் அந்தச் சேற்றுக்கே போகிறது.

மாற்று தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. லாரிப் பட்டறைகளிலும் மெக்கானிக் கடைகளிலும் கழித்துப் போடும் இரும்பு நட்டுகள் அடிமட்டத்தில் இரை நிறுத்தும் தூண்டிலுக்கு நன்றாகவே உதவும். நட்டு துருப்பிடித்தாலும் நட்டமில்லை. ஈயம் கைவசம் இருப்பவர்கள் அது தீரும்வரை திருகுமூடியுள்ள சிறு டப்பாவில், உணவுப் பையிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளலாம். குண்டை அமுக்கக் கொறடு, தொட்ட கைக்குச் சோப்பு. துணியால் துடைத்தால் ஈயத்தூள் போகாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்று டப்பாவைத் திறக்க வேண்டும்.