பூனையின் தாடையில் காபிப் பொடியா?

மடியில் படுத்திருக்கும் பூனையின் தாடையைச் சொறிந்துவிடும்போது விரலில் நறநறவென்று ஏதோ தட்டுப்படும். மயிரை விலக்கிப் பார்த்தால் காபிப் பொடி சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். துடைத்தாலும் போகாது. பூனைக்கும் முகப்பரு வரும், பெரும்பாலும் தாடையில்தான். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். சுரக்கும் எண்ணெயும் உதிரும் தோலும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைத்துக்கொள்கின்றன.

முதலில், அது பருதானா என்று பாருங்கள். கொஞ்சம் பொடியைச் சுரண்டி, ஈரமான வெள்ளைப் பஞ்சில் வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூனையின் ரத்தம்தான் அப்படிக் கரைகிறது. அதற்கு வைத்தியமே வேறு.

பருதான் என்றால், அடுத்து சாப்பாட்டுக் கிண்ணத்தை மாற்றுங்கள். பிளாஸ்டிக்கில் சீக்கிரம் கீறல் விழும். கீறலில் எண்ணெய்ப் பிசுக்கும் கிருமியும் தங்கும். தாடை விளிம்பில் உரசாத, அகலமான எவர்சில்வர் தட்டு போதும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சில பூனைகளுக்கு இந்த மாற்றம் ஒன்றிலேயே பாதி சரியாகிவிடும்.

பிறகு சுத்தம் செய்வது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைத் தாடையில் 5 நிமிடம் ஒற்றி வைக்க வேண்டும். (எந்தப் பூனை 5 நிமிடம் பொறுக்கும்? இரண்டு கிடைத்தாலே பெரிது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது போய்ப் பாருங்கள்.) அடைப்பு இளகியதும் மயிர் வளரும் திசையிலேயே மெல்லத் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுங்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த, பூனைக்கென்றே உள்ள துடைப்பான்களும் கிடைக்கின்றன. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கை பரபரக்கும், ஆனால் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் கிருமி உள்ளே இறங்கும். நாம் முகத்தில் தடவும் பருக் களிம்பும் வேண்டாம். பல களிம்புகளில் இருக்கும் சாலிசிலிக் அமிலத்தைப் பூனையின் ஈரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. தடவியது எதுவானாலும் பூனை நக்கத்தான் செய்யும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடச் சொல்லும் பாட்டிகள் எல்லா வீட்டிலும் உண்டு. எண்ணெயால் அடைத்த இடத்தில் இன்னும் எண்ணெய் எதற்கு?

தாடை வீங்கினால், சிவந்தால், சீழோ ரத்தமோ கசிந்தால், தொட்டதும் பூனை சீறினால் தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். படர்தாமரையும் தோல் சிற்றுண்ணிகளும்கூட இப்படித் தோற்றம் காட்டும். படர்தாமரை நமக்கும் தொற்றும். தோலைச் சோதித்துப் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும். கிருமித் தொற்று இருந்தால் களிம்போ மாத்திரையோ தருவார். சில வாரம்கூட ஆகலாம், நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஆறினாலும் பல பூனைகளுக்குத் திரும்ப வரும். நாலைந்து புள்ளிகள் மட்டும் இருக்கின்றன, சொறிவதில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் தட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பூனையை அதன் பாட்டில் விடுங்கள். அதற்கு வலியில்லை; பார்க்கிற நமக்குத்தான் ஒருமாதிரி இருக்கும்.