கேம்பில் இருப்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள்

கேள்வி: மும்பையின் வடாலாவில் வசிக்கும் முதுகலை மாணவி நான். பிரிவினை அகதிகள் குடியேறியது சயான் கோலிவாடாவை எப்படி மாற்றியது என்று கலப்பு முறையில் ஆராயப் போகிறேன். நூறு வீடுகளில் கேள்வித்தாள், பிறகு பத்துப் பேரிடம் பேட்டி. இது போதுமா?

பதில்: வரிசையை மாற்றுங்கள். பேட்டிதான் முதலில். 1947-ல் அங்கே அகதி கேம்பாக மாறிய ராணுவ பாரக்குகளுக்கு வந்து சேர்ந்த குழந்தைகளுக்கே இன்று ஏறக்குறைய எண்பது வயதோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு எழுதும் கேள்வித்தாளில்தான் சரியான கேள்விகள் இருக்கும்.

அடுத்து, யார் அகதி என்று வரையறுங்கள். மேற்குப் பாகிஸ்தானில் இருந்த வீட்டை 1947 மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு கலவரத்தாலோ பிரிவினையாலோ விட்டு வந்தவர்களை 1951 சென்சஸ் இடம்பெயர்ந்தோராக எண்ணியது. கிழக்கிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து நாடு முழுவதும் ஏறக்குறைய 73 லட்சம் பேர். கேம்பிலேயே பிறந்த குழந்தை இந்த வரையறைக்குள் வராது. அதன் வாழ்க்கையையோ கேம்ப்தான் தீர்மானித்தது. எனவே தலைமுறையைத் தனியாகக் குறியுங்கள்.

பெரிய ஆபத்து ஆள் தேர்வில் இருக்கிறது. இன்றும் அங்கேயே இருப்பவர்களை மட்டும் கேட்டால், முன்னேறி வெளியேறியவர்களும், நொடிந்து போனவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் "உங்களோடு வந்தவர்கள் இப்போது எங்கே?" என்று கேட்டு அவர்களைத் தேடிப் போங்கள்.

அக்கம்பக்கத்தாரையும் விடாதீர்கள். ராஜாஜி 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டிய உல்லாஸ்நகர், அகதிகளுக்கென்றே எழுந்த ஊர். கோலிவாடாவோ அகதிகள் வருவதற்கு முன்பே கோலி மீனவர்களின் ஊர். ஆகவே கோலி குடும்பங்களிடமும், ஆண்டாப் ஹில் பக்கம் நெடுநாள் வாழும் நம் தமிழர்களிடமும் வீடு, வேலை, பள்ளிக்கூடம் பற்றிக் கேளுங்கள். குடியேற்றத்தின் விளைவு வந்தவர்களோடு முடிவதில்லை.

கடைசியில் ஓர் அட்டவணை போடுங்கள். தலைப்புவாரியாக ஒரு பத்தியில் எண்கள், அடுத்ததில் பேட்டியில் கிடைத்தவை, மூன்றாவதில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்ற குறிப்பு. 'வேலை இல்லை' என்று கேள்வித்தாளில் குறித்த பெண்மணி, வீட்டில் அப்பளம் இட்டு விற்றதைப் பேட்டியில் சொல்லலாம். அங்கே எதையும் தள்ளிவிடாதீர்கள். 'வேலை' என்று கேட்டதை 'வருமானம்' என்று மாற்றி மறுபடி கேளுங்கள். முரண்படும் இடங்களில்தான் உங்கள் ஆய்வுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வன்முறையைக் கண்டவர்களிடம் அதைத் துருவாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் ரெக்கார்டரை உடனே அணையுங்கள். பட்டத்தைவிட அவர்களுடைய நிம்மதி பெரிது.